தங்காளுக்கு மெட்டி இல்லை

அண்ணன்மார் சாமி கதையில் வரும் அருக்காணித் தங்காள் கன்னி. கன்னிமார் எழுவரில் இளையவள் மண்ணில் வந்து பிறந்தாள் என்கிறது பாட்டு. ஆகவே அவள் கழுத்தில் தாலி வராது, கால்விரலில் மெட்டி வராது. அவளை வரையத் தொடங்கியபோது என் நோட்டில் எழுதிய முதல் வரி இதுதான். எந்த மென்பொருள், எந்த பிரஷ், என்ன அளவு என்பதெல்லாம் இதற்குப் பின்னால் வந்தவை.

கோவையில் இருந்துகொண்டு புத்தகங்களுக்கும் விளம்பரங்களுக்கும் கணினியில் படம் வரைவது என் தொழில். சிறுவர் படக்கதை ஒன்றுக்காகத் தங்காளை வரைந்தேன். அந்த ஒரு பாத்திரம் வெறும் பேச்சிலிருந்து அச்சுத்தாள் வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தது என்பதை எழுதிவைக்க ஆசை. இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன பிரஷ்ஷுங்கக்கா போடறீங்க?" என்பதைத்தான். பிரஷ் பற்றியும் சொல்கிறேன். ஆனால் வரைகிற ஒவ்வொரு கட்டத்திலும் எங்கிருந்தோ ஓர் இரவல் உடம்பு, இரவல் முகம், இரவல் வெயில் உள்ளே நுழையப் பார்க்கும். அவை நுழையும் வாசல்களைத் தெரிந்துவைத்துக்கொள்வதுதான் இத்தொழிலின் பெரும்பகுதி என்று நம்புகிறேன்.

கதை கொங்கு நாட்டில் பலருக்கும் தெரியும். பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மார். அவர்களுடைய தங்கை தங்காள். இக்கதையை உடுக்கையடித்து இரவு இரவாகப் பாடுவார்கள். மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது, படுகளத்தில் மாண்டவர்களாகக் கிடப்பவர்களைத் தங்காள் எழுப்புகிற சடங்கைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடும். கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் வந்து தங்கியிருந்தபோது இந்தப் பாட்டை ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1982இல் அதைப் பற்றி ஆய்வு நூல் எழுதினார். பல்லாண்டு கழித்து அவரே இக்கதையை 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராகவும் ஆக்கினார். அதன் தலைமை ஓவியர் ரவிச்சந்திரன் ஆறுமுகம். கணினித் திரையில் தங்காளுக்கு உருவம் கொடுத்த பெருமை அவர்களுடையது; நான் பின்னால் வந்தவள்.

அசைபடத்துக்கு வரைவதும் புத்தகத்துக்கு வரைவதும் வேறு வேறு வேலைகள். அசைபடத்தில் கை, முன்கை, தலை, கண்ணிமை என்று உறுப்புகளைப் பிரித்து, எத்தனை முறை திருப்பினாலும் பிசகாதபடி எளிய கோட்டில் வரைய வேண்டும். புத்தகத்தில் அவள் அசைவதே இல்லை. ஒரே நிலையில் நின்றபடி, பக்கத்தைப் புரட்டும் குழந்தைக்கு அவ்வளவையும் சொல்லியாக வேண்டும். ஆகவே புத்தகப் பாத்திரத்துக்கு நிலைதான் உயிர். எனக்குக் கொடுக்கப்பட்ட கட்டம், அண்ணன்மார் மாண்டுபோன பின் அவர்களைத் தேடிக் காட்டில் தங்காள் அலைவது.

முதல் வேலை பார்ப்பது. அண்ணன்மார் கோயில்களுக்குப் போனேன். குதிரைமேல் அண்ணன்மார், பக்கத்தில் தங்காள், காவலுக்குச் சாம்புவன், ஈட்டி பாய்ந்த கொம்பன் பன்றி என்று மண்ணிலும் சிமென்டிலும் செய்து வண்ணம் தீட்டிய உருவங்கள். அவற்றின் பளீர் வண்ணங்களைப் பார்த்து முகம் சுளிக்கும் ஓவியர்களை எனக்குத் தெரியும். நான் அந்த உருவங்களின் பாதங்களைப் பார்ப்பேன். அகலமான, தரையை முழுதாக அழுத்துகிற பாதங்கள். பேரூர்ப் பட்டீசுவரர் கோயில் கனகசபையின் தூண் சிற்பங்களிலும், ஒரு காலைத் தூக்கி ஆடும் உருவத்தில்கூட ஊன்றிய காலில் மொத்த உடம்பின் கனமும் இறங்கியிருக்கும். ஒரு பாத்திரம் தரையில் நிற்கிறதா, தாளில் ஒட்டிக்கிடக்கிறதா என்பதைப் பாதம்தான் தீர்மானிக்கிறது.

கோயிலோடு தேடல் முடியாது. தங்காள் உழவர் வீட்டுப் பெண். கொங்குக் கிராமத்து வயதான பெண்களிடம் பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டும் முறையைக் கேட்டுக் கேட்டு வரைந்துகொண்டேன். கொசுவம் எங்கே தொடங்குகிறது, முந்தானை எந்தத் தோளைச் சுற்றி எங்கே செருகப்படுகிறது, குனிந்தால் எந்த மடிப்பு விரிகிறது என்பதெல்லாம் ஒளிப்படத்தில் பிடிபடாது. வேலை நேரத்தில் சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினால் கணுக்காலுக்கு மேலே நாலு விரல் தெரியும். அந்த நாலு விரல்தான் ஓடுகிற பெண்ணையும் ஊஞ்சலில் இருக்கிற பெண்ணையும் வேறுபடுத்துகிறது. சினிமா நமக்குக் காட்டிப் பழக்கிய இளவரசியின் பட்டுச்சேலை தரையில் புரளும். அதைக் கட்டிக்கொண்டு முள்ளுக்காட்டில் பத்தடி நடக்க முடியாது.

இரண்டாவது கட்டம் குறுஓவியம். கட்டைவிரல் அளவுக் கட்டங்களில் வெறும் கறுப்பு நிழலுருவமாக வரைவது. கண், மூக்கு, நகை எதுவும் கிடையாது. இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரை நினைக்காமல் என்னால் வேலை தொடங்க முடிவதில்லை. அம்புலிமாமா ஓவியர் சங்கர். முழுப் பெயர் கே.சி. சிவசங்கரன். 1924இல் ஈரோட்டுப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, 1946இல் கலைமகளிலும் 1952இல் அம்புலிமாமாவிலும் சேர்ந்தார். 2020இல் மறைந்தார், மறுவருடம் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவருடைய விக்கிரமாதித்தனை யோசித்துப் பாருங்கள். ஒரு கையில் உருவிய வாள், தோளில் தொங்கும் பிணம், முன்னால் எடுத்து வைத்த கால். அதை முழுக்கக் கறுப்பில் நிரப்பினாலும் எந்தக் கதை என்று சொல்லிவிடலாம். பாரம் ஒரு பக்கம் இழுக்க, உறுதி மறுபக்கம் இழுக்க, இரண்டுக்கும் நடுவே ஒரு முதுகெலும்பு. பாத்திர வடிவமைப்பு என்று இன்று கல்லூரிகளில் சொல்லித்தருவதன் சாரம் அந்த ஒற்றைப் படத்தில் இருக்கிறது. நம் மண்ணில் பிறந்த ஒருவர் இந்தியாவின் பல மொழிக் குழந்தைகளுக்கும் ஒரே நிழலுருவத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதை எண்ணும்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

இரவல் உடம்பு நுழையும் முதல் வாசலும் இந்தக் கட்டம்தான். கையைச் சும்மா விட்டால் அது கால்களை அகட்டி, இடுப்பில் கை வைத்து, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற அமெரிக்கச் சாகச நாயகியை வரையும். நாம் அதிகம் பார்த்தது அதைத்தானே. அதை வரையட்டும் என்று விட்டுவிடுவேன். அப்படி ஐந்தாறு வந்து தீர்ந்த பிறகுதான் கை மாறும். நெற்றிக்கு மேல் கை வைத்துத் தூரம் பார்க்கும் தங்காளும் வந்தாள். அது நாடக மேடை நிலை, ஒதுக்கினேன். பாறைமேல் ஒரு காலை ஏற்றி, சேலையைச் செருகி, கழுத்து உடம்பைவிட முன்னே போய்விட்ட ஒருத்தி வந்தாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் ஓய்ந்தவளின் கழுத்து அது.

குறுஓவியங்களை நான் முதலில் பதிப்பாசிரியரிடம் காட்டுவதில்லை. கதையைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் காட்டுவேன். காங்கயம் பக்கம் ஒரு தோட்டத்து வாசலில் பெரியம்மா ஒருவர் டேப்லெட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கறுப்பு உருவங்கள் மட்டும்தான். பாட்டிக்கு என்ன புரியப் போகிறது என்று பக்கத்திலிருந்த பேரன் சிரித்தான். அவர் ஒவ்வொன்றாக விரல் வைத்தார். "இவ சண்டைக்கு நிக்கறா. இவ சந்தைக்கு நிக்கறாளாட்ட இருக்குது. ஏனம்மிணி, இதா இவதான் தேடறவ. காலப் பாரு, நடந்து நடந்து ஓஞ்ச காலு." பாறைமேல் கால் வைத்தவளைத்தான் காட்டினார். முகமே இல்லாத ஓர் உருவத்தில் அவருக்கு அலைச்சல் தெரிந்தது. அதற்கு மேல் அந்த நிலையை நான் தொடவில்லை.

அளவுக்கு வருகிறேன். ஏ4 பக்கத்துக்கு 300 டிபிஐ கணக்கில் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வெட்டுக்காக நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூட்டினால் 2551க்கு 3579. நான் இதைப் போல இரண்டு மடங்கில் வரைகிறேன். நாளைக்குச் சுவரொட்டி கேட்டால் கொடுக்கலாம். மென்பொருளைப் பற்றி எனக்குப் பெரிய பக்தி கிடையாது. ஃபோட்டோஷாப், கிளிப் ஸ்டுடியோ, ஐபேடில் புரோகிரியேட், எல்லாவற்றிலும் லேயர் உண்டு, பிரஷ் உண்டு. காசில்லாமல் தொடங்கும் பிள்ளைகளுக்குக் கிருதா போதும். இலவசம், முழு வேலையையும் அதிலேயே முடிக்கலாம். பேனா அழுத்தத்தை 8192 படிகளாக உணரும் டேப்லெட் இருந்தால் நல்லது, பழைய 2048 படி டேப்லெட்டிலும் நல்ல கோடு விழும். சேமிக்கும் பொத்தானை நொடிக்கொருமுறை அழுத்தும் பழக்கம் மட்டும் எனக்குக் கடைசிவரை போகாது. 2012 வாக்கில் கோவையின் மின்வெட்டுக் காலத்தில் வேலை பார்த்த யாரிடமும் அந்தப் பழக்கத்தைப் பார்க்கலாம்.

முன்வரைவில் உடம்பின் விகிதத்தைத் தீர்மானிக்க வேண்டும். நடைமுறையில் வளர்ந்த மனிதர் ஏறத்தாழ ஏழரைத் தலை உயரம். சாகசக் கதைகளில் எட்டரை, ஒன்பது வரை இழுப்பார்கள். நம் சிற்பிகளின் கணக்கு வேறு. ஒரு தாளம் என்பது முகத்தின் நீளம், சிற்ப அளவில் 12 அங்குலம். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தசதாளம், 120. தங்காள் வணங்கப்படுகிற தெய்வம், அதேசமயம் கதையின் இந்தக் கட்டத்தில் அண்ணன்களை இழந்த ஒரு பெண். கோயிலில் அவளுக்குத் தெய்வ அளவு பொருந்தும். தேடி அலையும்போது குழந்தைகள் அவளைத் தங்கள் வீட்டு அக்காவாக நினைக்க வேண்டும் என்று விரும்பினேன். ஏழு தலை வைத்தேன்; கையும் பாதமும் கொஞ்சம் பெரிது. திரையை அடிக்கடி இடவலமாகத் திருப்பிப் பார்த்துக்கொள்வேன். பழகிப்போன கண்ணுக்குப் படாத சாய்வு அப்போது தெரிந்துவிடும்.

முகம் வரைகிற கட்டத்தில் இரவல் மிகப் பலமாக வந்து மோதும். ஜப்பானியப் படக்கதையில் வளர்ந்த தலைமுறை நாங்கள்; கண்கள் தாமாகப் பெரிதாகின்றன, மூக்கு தானாகக் காணாமல் போகிறது. தங்காளுக்கு நான் மூக்கை விட்டுக்கொடுக்கவில்லை. அடிப்பகுதி அகன்ற மூக்கு, கன்ன எலும்பு தெரிகிற முகம், நடுவகிடு. சொற்களைத் தட்டினால் படம் தரும் செயலிகள் இப்போது வந்துவிட்டன. "கொங்கு நாட்டு வீரப் பெண்" என்று கேட்டுப் பாருங்கள் என்று பதிப்பகத்தில் சொன்னார்கள், கேட்டுப் பார்த்தேன். வழவழப்பான முகம், சாம்பல் கண், நெற்றிச்சுட்டி, கல்யாணக் கூடத்து நகை. தமிழ்நாட்டுப் பெண் என்றாலும் ராஜஸ்தான் பெண் என்றாலும் ஏறக்குறைய அதே முகம்தான் வந்து நின்றது. காலில் மெட்டியும் இருந்தது. எண்ணற்ற படங்களின் சராசரியை அந்தச் செயலி தருகிறது. ஓலப்பாளையத்து வாசலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்ட எவருடைய மனத்திலும் தங்காள் சராசரியாக இருந்ததில்லை. அதனால் என் வேலை குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது.

புத்தகத்தில் அவள் பல பக்கங்களில் வருகிறாள். ஆகவே நேர்முகம், முக்கால் முகம், பக்கவாட்டு, முதுகு என்று ஒரு தாள். அழுகை, சினம், வியப்பு, கிளிகளோடு சிரிப்பு என்று இன்னொரு தாள். சினத்துக்கு அதிக நேரம் எடுத்தேன். அண்ணன்மாரைத் தேடி, மாளிகையைத் தீயிட்டுவிட்டுப் புறப்படுகிற பெண்ணின் சினம் புருவத்தில் இருக்காது, அசையாத உதட்டில் இருக்கும்.

கோடு போடும் கட்டத்தில் மென்பொருள் நம் கை நடுக்கத்தைச் சமன்செய்து தரும். அந்த வசதியைக் குறைத்து வைப்பதே எனக்குப் பிடிக்கும். முழுக்கச் சமன் செய்த கோட்டில் யார் வரைந்தார்கள் என்றே தெரியாது. கோவையில் சினிமா பேனர் வரைந்த தலைமுறையின் வேலைகளைப் பார்த்து நான் கற்றது இது. சிறிய படத்தின்மேல் கட்டம் போட்டு, துணியில் பெரிய கட்டமாக மாற்றி, சாரத்தில் ஏறி நின்று வரைந்தவர்கள். அவர்களில் ஒருவரான ஓவியர் ஜீவா, 'திரைச்சீலை' என்ற நூலை எழுதியவர். அந்தப் பேனர்கள் கிட்டத்தில் பார்த்தால் முரட்டுத் தீற்றல், சாலைக்கு எதிரிலிருந்து பார்த்தால் உயிருள்ள முகம். திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி இமைமயிர் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது, படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள் என்பதுதான்.

வண்ணத்தில் முதலில் தட்டை நிறங்கள். தோல், சேலை, கூந்தல், பாறை ஒவ்வொன்றும் தனி லேயர். இணையத்தில் இறக்கிக்கொள்ளும் வண்ணத் தட்டுகள் பலவற்றில் தோல்நிறம் என்ற பெயரில் இருப்பது வெளிறிய இளஞ்சிவப்பு. அதைக் கொஞ்சம் இருட்டாக்கினால் நம் நிறம் வந்துவிடாது, அழுக்குத்தான் வரும். நம் தோலுக்கு அடிப்படையே செம்பழுப்பு. நிழலில் அது கறுப்பை நோக்கிப் போவதில்லை, கத்தரிப்பூ நிறம் கலந்த சிவப்பை நோக்கிப் போகிறது. வெளிச்சம் படும் நெற்றியிலும் தோளிலும் வானத்தின் நீலம் லேசாக மினுங்கும். இந்த மாற்றத்தைத் தோட்டத்தில் நிற்கிற எவர் கையைப் பார்த்தும் படிக்கலாம். நிழலுக்கு மல்டிப்ளை லேயர் ஒன்று, அதைத் தோலோடு மட்டும் பிணைக்கும் கிளிப்பிங் மாஸ்க். கடைசியில் எல்லாவற்றையும் ஒருமுறை சாம்பல் நிறமாக்கிப் பார்ப்பேன். வண்ணம் போனபிறகும் முகம் முதலில் கண்ணில் பட்டால் சரி.

வெயிலிலும் இரவல் உண்டு. இன்றைய கணினி ஓவியங்கள் பலவற்றில் பாத்திரத்தின் விளிம்பில் ஒரு நீல ஒளி ஓடும்; விளையாட்டுகளிலிருந்து வந்த பழக்கம். காங்கயத்தின் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் அப்படி ஒரு ஒளி கிடையாது. கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், கீழே செம்மண். அந்தச் செம்மண்ணில் பட்டுத் திரும்பும் வெயில் மனிதர்களின் தாடைக்கு அடியிலும் முன்கையின் கீழ்ப்புறத்திலும் காவி நிறமாக ஏறுகிறது. தங்காளின் கழுத்துக்கடியில் அந்தக் காவியைப் பூசியதும், அதுவரை எங்கோ நின்றிருந்தவள் இந்த ஊருக்கு வந்துவிட்டாள்.

காற்றுக்கும் திசை உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று கொங்கு நாட்டுக் கூந்தலையும் சேலையையும் கிழக்கே தள்ளும். நான் பக்கத்தின் இடப்புறத்தை மேற்காக வைத்தேன். தமிழில் கண் இடமிருந்து வலம் போகிறது. பக்கத்தைப் புரட்டும் ஓரமும் வலப்புறமே இருக்கிறது. தங்காளை இடப்புறம் நோக்கி, காற்றுக்கு எதிராக நிற்க வைத்தால் படிக்கிற குழந்தையின் கண் அவளிடம் வந்து தடுக்கி நிற்கும். முந்தானை பின்னால் வலப்புறம் பறக்கும். அண்ணன்மாரைக் கண்டுபிடித்த பிறகு வருகிற பக்கத்தில் அவளை வலப்புறம் திருப்பினேன். இதை வாசகர் யாரும் கவனித்துச் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் அவர்கள் கை பக்கத்தைப் புரட்டும் வேகம் மாறும்.

அச்சு என்பது இன்னொரு உலகம். திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது, தாள் மையால். தங்காள் கேட்டு அண்ணன்மார் பிடித்துத் தந்த கிளிகளின் பச்சை திரையில் கண்ணைப் பறிக்கும். நாலு மைக்கு மாறியதும் வாடிவிடும். பளீர் ஆரஞ்சும் அப்படித்தான். ஆகவே நான் முதல் நாளிலிருந்தே அச்சு வண்ண முன்னோட்டத்தைப் போட்டுக்கொண்டுதான் வரைகிறேன். கிளியின் பச்சையைக் கூட்ட முடியாதபோது பக்கத்தில் உள்ள இலைகளை மங்கலாக்கி, கிளியைத் துலங்கச் செய்யலாம். மெல்லிய கோடுகளை நாலு மையும் கலந்த கறுப்பில் விடக் கூடாது. அச்சுத்தகடு மயிரிழை நகர்ந்தாலும் கோடு இரட்டையாகும். நிழல் பகுதிகளில் மொத்த மை 300 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் தாள் காய்வதில் சிக்கல் இராது. சிவகாசியிலோ கோவையிலோ, மாதிரித் தாளை அச்சகத்தின் குழல்விளக்கில் பார்த்துத் திருப்திப்படாமல் வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தங்காளின் தோல்நிறம் மாதிரித் தாளில் சற்று மஞ்சளாக வந்திருந்தது. அச்சகத்துப் பெரியவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மெஜந்தா ரெண்டு ஏத்துனா சரியாப் போயிருமுங்" என்றார். ஏற்றினார்கள், சரியாகிவிட்டது.

அடுத்து பொன்னாச்சி. கொம்பனை வீழ்த்த வழிசெய்த நாய். வேட்டைநாய் என்றதும் ராஜபாளையத்தையும் கோம்பையையும்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். நெடிய கால், அகன்ற மார்பு. பாட்டிலோ பொன்னாச்சி சின்ன நாய். பொருட்படுத்தாமல் வீட்டில் விட்டுப்போன குட்டி நாய்தான் பெரும்பன்றியைச் சாய்க்கிறது. அதன் சிறிய உருவத்தில்தான் அந்தக் கட்டத்தின் மொத்தக் கதையும் இருக்கிறது. இப்போது தோட்டத்துச் சாளைகளில் கட்டில் அடியில் படுத்திருக்கும் நாட்டு நாய்களை வரைந்துகொண்டிருக்கிறேன். கொம்பனை அதன் பக்கத்தில் எவ்வளவு பெரிதாக வைப்பது என்பது இன்னும் குறுஓவியத்தில்தான் இருக்கிறது.